பழைய டிராக்டரை நம்பி தினசரி வேலை பாக்க முடியுமா? (நாப்பது நிமிஷத்துல நின்னு போற வண்டி)

கொத்துக்கலப்பை:
வணக்கம். அப்பா காலத்து வண்டி ஒன்னு, மூணு சிலிண்டர், 2.5 லிட்டர் டீசல், ரெண்டு வீல் டிரைவ், வயசு என்னைவிட ரெண்டு கூட. இதுவரைக்கும் பெரிய செலவு வச்சதில்ல. ஆனா ஒரு மாசமா ஒரே தொல்லை, காலைல அரை சுத்துல ஸ்டார்ட் ஆகிருது, ரொட்டவேட்டர் போட்டு இறங்குனா சரியா முப்பத்தஞ்சு நாப்பது நிமிஷம் ஓட்டுது, அப்புறம் நின்னுருது. பத்து நிமிஷம் விட்டுட்டு அடிச்சா மறுபடி ஒன்னுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகுது. மெக்கானிக் டீசல் பம்பை கழட்டணும்ங்கறாரு. தம்பி வித்துட்டு புதுசு வாங்குங்கறான். எனக்கு ரெண்டு கேள்வி. ஒன்னு, இது என்ன நோவு. ரெண்டு, இந்த வயசு வண்டிய மெயின் வண்டியா வச்சு தினமும் ஓட்டுறது புத்திசாலித்தனமா இல்ல பாசமா.

ரெண்டாம்கியர்:
ரெண்டாவது கேள்விக்கு பதில்: பாசம். எங்க வீட்லயும் அதே கேஸ்தான்.

நாலுவீல்டிரைவ்:
வித்துருங்க ப்ரோ, சீரியஸா சொல்றேன். நான் ரெண்டு வருஷம் முன்னாடி மாறுனேன், பவர் ஸ்டீயரிங், ஆயில்ல மூழ்குன பிரேக், முன் சக்கரமும் இழுக்குது, ஈர மண்ணுல முன்ன நாலு மணி நேரம் ஆன வேலை இப்ப ரெண்டரைல முடியுது. பழைய வண்டிய ஓட்டிட்டு இறங்குனா முதுகு எங்க இருக்குன்னே தெரியாது. பழசு ரிப்பேரே ஆகாதுன்னு ஒரு கதை சுத்திட்டே இருக்கு, அது பொய். பழசுல நல்லது மட்டும்தான் இன்னிக்கு மிஞ்சி நிக்குது, மத்ததெல்லாம் எப்பவோ உருக்கி கம்பி ஆகிருச்சு. மிஞ்சுனத மட்டும் பாத்து அந்தக் காலத்துல எல்லாமே இப்படித்தான் இருந்துச்சுன்னு நினைக்கிறோம்.

துருப்பிடிச்சவன்:
மேல சொன்னதுல பாதி சரி. ஃபெர்குசன் 35 டிராக்டர் ஆரம்பத்துல ஸ்டாண்டர்டு 23சி டீசல் இன்ஜினோட வந்துச்சு, குளிர்ல அதை ஸ்டார்ட் பண்றது பெரும்பாடுன்னு இன்னிக்கு வரைக்கும் பேரு இருக்கு. பிறகு பெர்கின்ஸ் மூணு சிலிண்டர் வந்த பிறகுதான் அந்த வண்டிக்கு நல்ல காலம். அதனால பழசுன்னாலே பொன்னுன்னு நானும் சொல்ல மாட்டேன்.

ஆனா தம்பி கேட்டதுக்கு பாதி பதில்தான் அது. கேள்வி, வண்டி கெட்டுப்போகுமா போகாதாங்கறது இல்ல, எல்லா வண்டியும் கெட்டுப்போகும். கெட்டுப்போறதுக்கு முன்னாடி சொல்லுதா, கெட்ட இடத்துலயே நம்ம கையால எழுப்ப முடியுதா, அதுதான். பழைய வண்டி ஒரு மாசம் முன்னாடியே முனக ஆரம்பிக்கும், கிளட்ச் மேல வந்து புடிக்கும், புகை நிறம் மாறும், ஸ்டார்ட் ஆக ஒரு சுத்து கூட எடுக்கும். கேக்கற காது இருந்தா வயல்ல நடுவுல நிக்கறது ரொம்ப குறைவு.

நாலுவீல்டிரைவ்:
அவரோட வண்டி வயல்ல நடுவுல தானே நிக்குது 😀

கிரீஸ்கை:
பம்பை கழட்டாதீங்க. முதல்ல ஒரு விஷயம் சொல்லுங்க, எப்படி நிக்குது? சுவிட்ச் ஆஃப் பண்ண மாதிரி படக்குன்னா, இல்ல பவர் குறைஞ்சு இழுத்து இழுத்து மூச்சு வாங்கி நிக்குதா? நிக்கும்போது புகை எப்படி?

இத எதுக்கு கேக்கறேன்னா, ரோட்டரி பம்ப், அதான் உள்ள ரோட்டார் சுத்தி ஒவ்வொரு சிலிண்டருக்கா டீசல் அடிக்கற பம்ப், தேஞ்சு போனா அதோட குணம் வேற. சூடா ஓடிட்டு இருக்கும்போது நல்லாத்தான் ஓடும், நீங்களா ஆஃப் பண்ணிட்டு அஞ்சு நிமிஷத்துல திரும்ப அடிச்சா ஸ்டார்ட் ஆகாது, ஆறுன பிறகுதான் ஆகும். ஏன்னா டீசல் சூடான உடனே இளகி போகும், தேஞ்ச ரோட்டார் இடுக்குல கசிஞ்சுரும், செல்ஃப் சுத்துற வேகத்துக்கு பிரஷர் ஏறாது. இன்ஜின் வேகமா சுத்தும்போது அந்தக் கசிவு தெரியாது. உங்களுது ஓட்டத்துலயே நிக்குது, அப்ப முக்காவாசி டீசல் வர வழில அடைப்பு.

கொத்துக்கலப்பை:
மூச்சு வாங்கித்தான் நிக்குதுண்ணே. முதல்ல ஆர்.பி.எம். இறங்கும், நான் கிளட்ச மிதிச்சு லோடு எடுத்தா கொஞ்சம் தேறும், அப்புறம் ரெண்டு மூணு தடவ ஏறி இறங்கி நின்னுரும். புகை கிட்டத்தட்ட இல்லவே இல்ல.

கிரீஸ்கை:
புகை இல்லாம சாகுதுன்னா டீசல் கிடைக்காத பட்டினி கேஸ். கையில சாவி எடுத்துட்டு போய் இந்த வரிசைல பாருங்க, எல்லாம் காசில்லாத வேலைதான். அடுத்த தடவ நிக்கும்போது உடனே டேங்க் மூடிய லேசா திறங்க, உஸ்ஸுன்னு காத்து உள்ள இழுக்கற சத்தம் வந்தா மூடில இருக்கற காத்து ஓட்டை அடைச்சுருக்கு, டேங்குக்குள்ள வெற்றிடம் ஆகி டீசல் கீழ இறங்க மாட்டேங்குது. சத்தம் வரலன்னா லிஃப்ட் பம்புக்கு (டேங்குலேர்ந்து டீசல இழுத்து பெரிய பம்புக்கு அனுப்புற சின்ன பம்ப்) வர பைப்ப கழட்டி ஒரு சுத்தமான வாளில விடுங்க. டேங்க் மேல இருக்கற வண்டி, தானா இறங்கணும், குழாய் தண்ணி மாதிரி கெட்டியா விழணும். ஒரு நிமிஷம் பாத்துட்டு நல்லாத்தான் இருக்குன்னு மாட்டிராதீங்க, அஞ்சாறு நிமிஷம் விடுங்க, அங்கதான் எல்லாரும் ஏமாறுறாங்க. ஆரம்பத்துல நல்லா விழுந்து போகப் போக நூலாச்சுன்னா டேங்க் அடியில ஏதோ மிதந்து வந்து வாய அடைக்குது. இன்ஜின் நின்ன உடனே இழுவை போயிரும், அது மறுபடி மேல மிதந்துரும், அதான் உங்க பத்து நிமிஷக் கணக்கு.

ரெண்டாம்கியர்:
இதுக்கு மெக்கானிக் பம்ப கழட்ட சொன்னாரா. நல்ல மனுஷன்.

கிரீஸ்கை:
எல்லா மெக்கானிக்கும் அப்படி இல்ல, நானும் அந்த தொழில்தான். கஸ்டமர் அவசரப்படுத்துறப்ப பெருசா ஒன்ன மாத்துனாத்தான் திருப்தி ஆகறாங்கங்கறதும் உண்மை.

ஈரமண்:
தம்பி, டீசல் பிரச்சனைய அவங்க பாத்துக்குவாங்க, நான் வேற ஒன்னு கேக்கறேன். உங்க வண்டில பின்னாடி உருள் கம்பி, அதான் கவுந்தா காப்பாத்துற கம்பி, இருக்கா?

கொத்துக்கலப்பை:
இல்லக்கா. வெறும் சீட்டும் மட்கார்டும்தான். அப்பா முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டுனாரு.

ஈரமண்:
அப்ப ரெண்டாவது கேள்விக்கு பதில் இன்ஜின்ல இல்ல, அங்க இருக்கு. எங்க மாமாவும் முப்பது வருஷம் அப்படித்தான் ஓட்டுனாரு. ஒரு நாள் மரத்து வேரு ஒன்ன இழுக்க சங்கிலிய கீழ டிராபார்ல (இழுக்கறதுக்குன்னே இருக்கற இரும்பு பட்டை) மாட்டாம டாப் லிங்க் பிராக்கெட்ல (கலப்பையோட மேல் கைய மாட்டற இடம்) மாட்டிட்டாரு, வேரு அசையல, கிளட்ச பட்டுன்னு விட்டாரு, முன் சக்கரம் ரெண்டும் தூக்கிருச்சு. ஒரு செகண்டு கூட இல்ல. மனுஷன் மூளை யோசிச்சு கால கிளட்சுல வைக்கறதுக்குள்ள வண்டி திரும்ப முடியாத இடத்த தாண்டிரும். மாமா பக்கவாட்டுல தெறிச்சு விழுந்ததால இடுப்பு எலும்போட போச்சு, உயிர் மிஞ்சுச்சு.

இதுக்கு காரணம் வண்டி பழசா புதுசாங்கறது இல்ல, இழுக்கற இடம். பின் அச்சுக்கு கீழ டிராபார்லேர்ந்து இழுத்தா முன் பக்கம் லேசுல தூக்காது, அச்சுக்கு மேல இருந்து இழுத்தா பின்னாடி கவுக்கும். பின் சக்கரம் சுத்த முடியாம மாட்டிக்கிச்சுன்னா இன்ஜின் சக்தி சக்கரத்த சுத்தறதுக்கு பதிலா வண்டியையே அச்ச சுத்தி தூக்கும். ஸ்வீடன்ல 1959லயே புது டிராக்டருக்கு இந்தக் கம்பி கட்டாயம்னு சட்டம் போட்டாங்க, அதுக்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமா அங்க கவுந்து சாகறது கிட்டத்தட்ட இல்லாமலே போச்சு. அமெரிக்காவுல 1980கள் நடுவுலதான் கம்பெனிங்க தாங்களா எல்லா புது வண்டிக்கும் போட ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி வந்த வண்டிதான் இங்க நாம நம்பகமானதுன்னு கொண்டாடிட்டு இருக்கறது.

துருப்பிடிச்சவன்:
அக்கா சொன்னதுல ஒரு எழுத்து கூட மாத்த வேணாம். கூட ஒன்னு, கம்பி போட்டா சீட் பெல்ட் போடணும், கம்பி இல்லாத வண்டில பெல்ட் கட்டவே கூடாது, கவுந்தா அடியிலயே மாட்டிக்குவோம். மடிக்கற கம்பியா இருந்தா மடிச்சு வச்சிட்டு ஓட்டறது இல்லாததுக்கு சமம்.

இன்னொன்னு, பழைய வண்டி வச்சிருக்கறவங்க முக்காவாசி பேருக்கு இருக்கற கெட்ட பழக்கம், சாவி வேலை செய்யலன்னு கீழ நின்னுக்கிட்டே செல்ஃப் மோட்டார்ல ஸ்க்ரூடிரைவர் வச்சு பொறி பறக்க ஸ்டார்ட் பண்றது. புது வண்டில கிளட்ச் மிதிக்காம செல்ஃப் சுத்தாத மாதிரி சுவிட்ச் இருக்கும், ஸ்க்ரூடிரைவர் வச்சா அந்த சுவிட்சு இருந்தும் பிரயோஜனம் இல்ல. கியர்ல இருந்துச்சுன்னா பின் சக்கரத்துக்கு முன்னாடி நிக்கறது நீங்கதான். நான் இத பத்து வருஷம் பண்ணிருக்கேன், இப்ப நினைச்சா வயித்த கலக்குது.

நாலுவீல்டிரைவ்:
இதத்தான நான் சொல்ல வந்தேன், இதெல்லாம் புதுசுல பிரச்சனையே இல்ல.

துருப்பிடிச்சவன்:
புதுசுல வேற பிரச்சனை. பழைய இன்ஜெக்டர் (சிலிண்டருக்குள்ள டீசல தூவுற மூக்கு) திறக்கறது சுமார் 180 பார் பிரஷர்ல, புது வண்டியோட காமன் ரெயில்ல (ஒரே குழாய்ல பிரஷர் ஏத்தி எல்லா இன்ஜெக்டருக்கும் குடுக்கற முறை) 1600க்கு மேல போகும். அந்த பிரஷருக்கு டீசல்ல கொஞ்சூண்டு தண்ணியோ தூசியோ வந்தா சோலி முடிஞ்சுது. பழசு அந்த டீசல குடிச்சுட்டு இருமிட்டு ஓடும். பெரிய வண்டிங்கள்ல புகை ஃபில்டர், யூரியா தண்ணி டேங்க், அதுக்கு ஒரு டஜன் சென்சார், ஒரு சென்சார் வயர்ல எலி பல்லு பட்டா வண்டி தானா பவர குறைச்சுக்கிட்டு ஊர்ந்து போகும், லேப்டாப் வச்சிருக்கற ஆளு வரணும். இது சும்மா கிழவன் புலம்பல் இல்ல, அமெரிக்காவுல கொலராடோ மாநிலத்துல 2023ல விவசாயி தன் மெஷினை தானே ரிப்பேர் பண்ணிக்கற உரிமைக்குன்னு தனியா சட்டமே போட வேண்டி வந்துச்சு.

நாலுவீல்டிரைவ்:
சரி அது ஒத்துக்கறேன், லேப்டாப் ஆளுக்காக நானும் ஒரு தடவ மூணு நாள் காத்திருந்தேன், விதைக்கற நேரம் வேற. அத இங்க சொல்லிருக்கவே கூடாது.

ரெண்டாம்கியர்:
ஸ்கிரீன்ஷாட் எடுத்தாச்சு.

கொத்துக்கலப்பை:
அப்டேட். இன்னிக்கு நின்ன உடனே மூடிய திறந்தேன், சத்தம் இல்ல. பைப்ப கழட்டி வாளில விட்டேன், முதல் ரெண்டு நிமிஷம் கெட்டியா வந்துச்சு, கிரீஸ்கை அண்ணன் சொன்னதால விடாம நின்னேன், நாலாவது நிமிஷத்துல பென்சில் அளவு, ஆறாவதுல சொட்டு!! டேங்க மொத்தமா வடிச்சு, இறக்கி, அடி குழாய்ல இருக்கற சின்ன வலைய எடுத்தா பாசி மாதிரி கருப்பா வழவழன்னு, அதோட துரு செதில். டேங்க் அடியில அரை டம்ளர் தண்ணி. இந்த கருப்பு என்னது?

கிரீஸ்கை:
அது கிருமி. டீசலும் தண்ணியும் சேர்ற கோட்டுல வளரும், தண்ணி இல்லன்னா வளராது. ராத்திரி பாதி டேங்கோட நிறுத்துனா உள்ள இருக்கற காத்துலேர்ந்து ஈரம் தகட்டுல வேர்த்து வடியும், அதனால சாயந்திரம் வேலை முடிஞ்ச உடனே டேங்க நிரப்பிருங்க, காலைல நிரப்பறது லேட்டு. டேங்க நல்லா கழுவி காய வைங்க, ரெண்டு ஃபில்டரும் மாத்துங்க, கிண்ணத்துல தண்ணி நிக்குதான்னு வாரம் ஒருக்கா அடி ஸ்க்ரூவ லூஸ் பண்ணி பாருங்க. மாட்டுன பிறகு ஏர் எடுக்கணும், ஃபில்டர் மேல இருக்கற ஸ்க்ரூ முதல்ல, அப்புறம் பம்ப் உடம்புல இருக்கறது, கடைசியா இன்ஜெக்டர் நட்டு, டேங்க் பக்கத்துலேர்ந்து இன்ஜின் பக்கமா போகணும். லிஃப்ட் பம்ப் கை நெம்புகோல் அசைச்சா பலமே இல்லாம இருந்துச்சுன்னா கேம் மேல ஏறி நிக்குது, இன்ஜின ஒரு சுத்து சுத்திட்டு திரும்ப அடிங்க, பம்ப் போச்சுன்னு முடிவு கட்டிராதீங்க.

கொத்துக்கலப்பை:
அந்த கை நெம்புகோல் விஷயம் தெரியாம போன வருஷம் ஒரு லிஃப்ட் பம்ப் புதுசா வாங்கி மாத்திருக்கேன் 🤦

துருப்பிடிச்சவன்:
எல்லாரும் ஒன்னு வாங்கிருக்கோம் தம்பி. பழச ஷெல்ஃப்ல வைங்க, ஒரு டயஃப்ரம் மாத்துனா அது ஓடும்.

இப்ப தினசரி ஓட்டறத பத்தி. இந்த மாதிரி வண்டிய கொல்றது வேலை இல்ல, ரெண்டு மூணு சின்ன சோம்பேறித்தனம். ஆயில் பாத் ஏர் ஃபில்டர்தான உங்களுது, புழுதில ரொட்டவேட்டர் ஓட்டுனா தினமும் கிண்ணத்த கழட்டி பாக்கணும், அடியில சேறு அரை விரல் ஏறிட்டா ஆயில மாத்தணும். கோட்டுக்கு மேல ஊத்தக் கூடாது, அதிகமானா இன்ஜின் அந்த ஆயிலையே இழுத்து குடிச்சு ஆஃப் பண்ணாலும் நிக்காம ஏற ஆரம்பிச்சுரும், அந்த சத்தத்த ஒரு தடவ கேட்டா ஜென்மத்துக்கும் மறக்காது. அடுத்தது மரத்தடியில அரை மணி நேரம் ஐடிலிங்ல விட்டுட்டு பேசிட்டு நிக்கறது. டீசல் இன்ஜின் சூடேறாம சும்மா ஓடுனா லைனர் (சிலிண்டர் உள் சுவர்) வழவழன்னு கண்ணாடி ஆகும், அப்புறம் ஆயில் குடிக்குதுன்னு அழுவீங்க. இதே காரணத்துக்குத்தான் தெர்மோஸ்டாட்ட கழட்டி வீசக் கூடாது, சூடு ஏறுதுன்னா ரேடியேட்டர் பின்னல்ல தூசி அடைச்சுருக்கும், இன்ஜின் பக்கத்துலேர்ந்து வெளிப்பக்கமா ஊதி எடுங்க.

பின் பக்க ஆயில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒன்னேதான் இந்த வண்டிங்கள்ல. டிப்ஸ்டிக்ல பால் கலந்தாப்ல வெளுத்து வந்தா தண்ணி இறங்கிருக்கு, பாதி நேரம் கியர் லீவர் ரப்பர் கிழிஞ்சு மழைத் தண்ணி அது வழியா போயிருக்கும். சின்ன ரப்பர், ஆனா ஹைட்ராலிக் பம்ப், பேரிங் எல்லாத்தையும் தின்னுரும்.

ரெண்டாம்கியர்:
மீட்டர் பத்தி சொல்லுங்க யாராவது. நான் வாங்கப் போற ஒரு பழைய வண்டில 4,300 மணி நேரம் காட்டுது, கம்மிதானே?

கிரீஸ்கை:
பழைய மீட்டர் கடிகாரம் இல்ல, இன்ஜின் சுத்துறத எண்றது. ஒரு குறிப்பிட்ட ஆர்.பி.எம்.ல ஓடுனாத்தான் ஒரு மணிய ஒரு மணின்னு காட்டும், அரை வேகத்துல ஓடுனா அரை மணிதான் ஏறும். கேபிள் அறுந்து எத்தன வருஷம் சும்மா கிடந்துச்சோ அதுவும் தெரியாது. மீட்டர பாக்காதீங்க, பெடல பாருங்க, ரப்பர் போய் இரும்பு பளபளன்னு ஒரு பக்கமா தேஞ்சுருந்தா நல்லா உழைச்ச வண்டி. முக்கியமா, போறதுக்கு முன்னாடி இன்ஜின சூடாக்கி வைக்காதீங்கன்னு போன்ல சொல்லிட்டு போங்க. அங்க போய் கைய வச்சு பாத்தா சூடா இருந்துச்சுன்னா ஏன்னு கேளுங்க. ஸ்டார்ட் ஆன பிறகு ஆயில் மூடிய தூக்கி பாருங்க, கொஞ்சம் ஆவி வரும் அது சகஜம், ரயில் வண்டி மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு அடிச்சா பிஸ்டன் ரிங் போச்சு. முன் அச்சு தூக்கி கிங் பின் (முன் சக்கரம் திரும்பற அச்சாணி) ஆட்டம் பாருங்க. ஏதாவது கலப்பைய தூக்கி வச்சு இன்ஜின ஆஃப் பண்ணுங்க, ரெண்டு நிமிஷத்துல தரைக்கு வந்துட்டா லிஃப்ட்ல சீல் வேலை இருக்கு.

ஈரமண்:
ரோட்டுல ஓட்டிப் பாக்கும்போது ரெண்டு பிரேக் பெடலையும் கொக்கி போட்டு சேத்துருங்க. தனித்தனியா இருக்கறப்ப வேகத்துல ஒன்ன மட்டும் மிதிச்சா வண்டி அந்தப் பக்கம் திரும்பி கவுந்துரும்.

கொத்துக்கலப்பை:
டேங்க் மாட்டி, ஏர் எடுத்து, இன்னிக்கு மூணு மணி நேரம் ரொட்டவேட்டர் ஓட்டுனேன், ஒரு தடவ கூட மூச்சு வாங்கல. தம்பிகிட்ட சொல்லிட்டேன், விக்கல. ஆனா ஒரு சந்தேகம், நம்ம வண்டி உழவுல இறங்குனா பக்கத்து வயல்ல பெரிய வண்டி வழுக்கற இடத்துல கூட இது வழுக்காம போகுது, எடை அதுல பாதிதான் இருக்கும். எப்படி?

துருப்பிடிச்சவன்:
தம்பி, அந்த கேள்விக்காகவே உங்களுக்கு ஒரு தேங்க்ஸ். அது ஹாரி ஃபெர்குசன் மண்டைல உதிச்ச சங்கதி. 1946லேர்ந்து 1956 வரைக்கும் வந்த அவரோட டி.இ.20 குட்டி வண்டி அஞ்சு லட்சத்துக்கு மேல போச்சுன்னா இந்த ஒரு ஐடியாதான் பெரிய காரணம். கலப்பை மண்ணுல இறங்குனா அது முன்னாடி உருளப் பாக்கும், அப்ப டாப் லிங்க் வண்டிய நோக்கி தள்ளும். அந்தத் தள்ளுறது ஒரு ஸ்பிரிங்க அமுக்கி ஹைட்ராலிக் வால்வ அசைக்கும், இறுகின மண் வந்தா கலப்பைய தானா ஒரு விரல் அளவு தூக்கும், தூக்கற நேரத்துல கலப்பை எடையும் மண்ணோட அழுத்தமும் பின் சக்கரத்துல ஏறும். அதாவது பிடி தேவைப்படற நேரத்துல மட்டும் எடை கூடுது, சும்மா இருக்கறப்ப மண்ண அமுக்கறதில்ல. அந்த பெரிய வண்டிலயும் இது இருக்கும், ஓட்டறவரு பொசிஷன் லீவர (கலப்பைய ஒரே உயரத்துல நிறுத்தறது) மட்டும் பயன்படுத்துறாரு போல. போய் சொல்லாதீங்க, கோவிச்சுக்குவாரு.

நாலுவீல்டிரைவ்:
...என் வண்டில ரெண்டாவது லீவர் ஒன்னு இருக்கு, ரெண்டு வருஷமா அது எதுக்குன்னு தெரியாம இருந்தேன்.

ரெண்டாம்கியர்:
இதுவும் ஸ்கிரீன்ஷாட்.

கொத்துக்கலப்பை:
கடைசியா ஒன்னு. அக்கா சொன்ன கம்பி, தெரிஞ்ச வெல்டர் ஒருத்தர் பைப் வச்சு ரெண்டு நாள்ல பண்ணித் தரேங்கறாரு. போடலாமா?

ஈரமண்:
வேணாம். அது பாக்க கம்பி மாதிரி இருக்கும், வண்டி எடை மேல வந்தா வெல்டிங் விட்டுரும். சோதனை பண்ணி தகுதி சீட்டு ஒட்டின கம்பிய, உங்க மாடலுக்குன்னு வந்தத, அவங்க சொன்ன போல்ட்டோட பின் அச்சுல பூட்டணும், மட்கார்டுல இல்ல. துளை போடக் கூடாது, அதுல வெல்டிங்கும் வைக்கக் கூடாது. அது வர வரைக்கும் சரிவுல போகாதீங்க, சங்கிலிய டிராபார தவிர எங்கயும் மாட்டாதீங்க.

கொத்துக்கலப்பை:
சரிக்கா. மாடல் நம்பர் தகடு பெயிண்ட்ல மறைஞ்சுருக்கு, நாளைக்கு சுரண்டி பாத்துட்டு இங்கயே போடறேன்.